எண்ணினால் குறையும் தொற்று

மருத்துவமனையில் ஒட்டிக்கொள்ளும் நோய்களைத் தடுக்கும் வழி நமக்குத் தெரியும். அவை எத்தனை பேருக்கு வருகின்றன என்ற கணக்குதான் இல்லை. தமிழ்நாடு அந்தக் கணக்கை எங்கிருந்து தொடங்கலாம்?

திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் 2022-23 காலகட்டத்தில் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற 10 பேரின் மூளையை ஒரு கிருமி தாக்கியது. அவர்களில் 8 பேர் பிழைக்கவில்லை. நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது. வயலில் இறங்கி வேலை செய்பவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் மழைக்காலத்தில் அவ்வப்போது வரக்கூடிய நோய் அது. பல் வலிக்காக நாற்காலியில் சாய்ந்தவர்களுக்கு வர வேண்டிய நோயே இல்லை. வேலூர் சி.எம்.சி., சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தமிழக அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவற்றின் ஆய்வாளர்கள் தடம் பிடித்துப் போனபோது, அது ஒரு சலைன் பாட்டிலில் போய் முடிந்தது. ஈறை எலும்பிலிருந்து பிரிக்கப் பயன்படும் அறுவைக் கருவியாலேயே பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். மிச்சமிருந்ததைச் சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். வாயைக் கழுவிய நீரோடு உள்ளே போன கிருமி, நரம்புகளின் வழியே மூளையை எட்டியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

அந்த ஆய்வு 2025-ல் வெளியானபோது எழுந்த கோபம் முழுவதும் ஒரு கிளினிக்கின் மீது திரும்பியது. கோபம் நியாயமானதுதான். ஆனால், இது எப்படி வெளியே தெரிந்தது என்ற கேள்வியை யாரும் பெரிதாக எழுப்பவில்லை. மெலியாய்டோசிஸ் அரிய நோய். அது மூளையைத் தாக்குவது இன்னும் அரிது. அப்படிப்பட்ட நோயாளிகள் ஒரே வட்டாரத்திலிருந்து அடுத்தடுத்து வந்ததாலும், கிருமியை வளர்த்து இனங்காணும் ஆய்வகங்கள் எட்டும் தூரத்தில் இருந்ததாலும் பொறி தட்டியது. அதே பாட்டிலில் இருந்தது எந்த வார்டிலும் காணக்கூடிய சாதாரணக் கிருமியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவருக்குத் தாடை வீங்கியிருக்கும். இன்னொருவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் அடித்திருக்கும். வேறொருவர் வேறோர் ஊர் ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்ற ஒற்றை வரிக் குறிப்போடு இறந்துபோயிருப்பார். இவர்களை ஒரே முடிச்சில் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். அரிய கிருமி என்பதால்தான் அந்தப் பாட்டில் பிடிபட்டது. சாதாரணக் கிருமிகள் நாள்தோறும் செய்யும் சேதம் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

மருத்துவமனைத் தொற்றைத் தடுப்பதற்கான அறிவியல் எதையும் இனிமேல் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வழிகாட்டி நூல்கள் இருக்கின்றன. இந்திய அரசே 2020-ல் தேசிய வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. மருத்துவக் கழிவை எந்த நிறப் பையில் போட வேண்டும் என்று சொல்லும் சட்ட விதிகள் 2016 முதல் நடப்பில் உள்ளன. இல்லாத ஒன்று கணக்கு. எந்த மருத்துவமனையில், எந்தச் சிகிச்சைக்குப் பிறகு, நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்பதை எண்ணிப் பொதுவில் வைக்காத வரை, சுற்றறிக்கைகளும் கை கழுவும் சுவரொட்டிகளும் பாதி வேலையைத்தான் செய்யும். எண்ணத் தொடங்கியதும் தொற்று குறைந்ததற்கு உலகத்தில் சான்று உண்டு. குற்றம் சாட்டாமல் எண்ணும் பழக்கத்துக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு.

வார்டில் நடப்பது

முதலில் பிரச்சினையின் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, வசதி படைத்த நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 நோயாளிகளில் 7 பேருக்கும், நடுத்தர வருமானமும் குறைந்த வருமானமும் உள்ள நாடுகளில் 100-க்கு 15 பேருக்கும், சேர்ந்த இடத்திலேயே குறைந்தது ஒரு தொற்றாவது புதிதாக வருகிறது. அப்படித் தொற்று கண்டவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறக்கிறார். கைச் சுத்தத்தையும் செலவு குறைந்த பிற முறைகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் இவற்றில் 70 சதவீதத்தைத் தடுக்கலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. நோயாளி ஏற்கெனவே பலவீனமானவர், எப்படியும் தொற்று வரத்தான் செய்யும் என்ற பேச்சுக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. மீதி 30 சதவீதத்தை விதி என்று சொல்லிக்கொள்ளலாம். தடுக்கக்கூடிய 70-ஐ விதியின் கணக்கில் எழுத முடியாது.

இந்தத் தொற்றுகளில் பெரும்பாலானவை கையிலும் கருவியிலும் ஏறித்தான் வருகின்றன. ஒரு பொது வார்டின் காலை வேளையை எடுத்துக்கொள்வோம். செவிலியர் ஒரு நோயாளியின் புண்கட்டைப் பிரித்துப் பார்க்கிறார். கட்டிலின் கம்பியைப் பிடித்து நகர்த்துகிறார். அடுத்த கட்டிலில் இருப்பவரின் கையில் குத்தியுள்ள கேனுலாவின் மூடியைத் திறந்து மருந்து ஏற்றுகிறார். மூன்றுக்கும் ஒரே கையுறை என்றால், அது காப்பது செவிலியரை மட்டுமே. குளுக்கோஸ் சீராக இறங்கவில்லை என்று பாட்டிலின் அடியில் ஓர் ஊசியைக் குத்திக் காற்று விடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை; ரத்தக் குழாய்க்குள் நேராகப் போகும் நீரில் அந்தத் துளை வழியே வார்டின் காற்றும் தூசும் கலக்கின்றன. பலருக்கும் பயன்படும் மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் ஓர் ஊசியைக் குத்தியபடியே விட்டுவிட்டு, வேண்டும்போதெல்லாம் சிரிஞ்சை மட்டும் மாட்டி உறிஞ்சுவதும் இதே வகைதான். அறுவைக்கு முந்தைய இரவு பிளேடால் மழிப்பது சுத்தத்துக்காகச் செய்யும் காரியம் போலத் தோன்றும். ஆனால், கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் விடிவதற்குள் கிருமி பெருகிவிடும். அதனால் மழிக்கவே வேண்டாம், தவிர்க்க முடியாவிட்டால் கிளிப்பரால் கத்தரியுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆபத்து வேறு வடிவம் எடுக்கிறது. உடலுக்குள் செலுத்திய ஒவ்வொரு குழாயும் வெளியில் இருக்கும் கிருமிக்கு ஓர் ஏணி. சிறுநீர்க் குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். வென்டிலேட்டரில் இருப்பவரைத் தட்டையாகப் படுக்க வைத்தால் தொண்டையில் தேங்கும் நீர் நுரையீரலுக்குள் கசியும். தலைமாட்டை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைக்கச் சொல்வது அதனால்தான். அசினெட்டோபாக்டர் என்னும் கிருமி, உலர்ந்த கட்டில் கம்பியிலும் மானிட்டரின் பொத்தானிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். இவையெல்லாம் அங்கே பணிபுரியும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால், இந்த மாதம் இந்தப் பிரிவில் மொத்தம் எத்தனை நாள் சிறுநீர்க் குழாய் பயன்பட்டது, அதில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று கேட்டால், பதில் சொல்லக்கூடிய மருத்துவமனைகள் சிலவே. எடுத்திருக்க வேண்டிய குழாய் மூன்று நாள் கூடுதலாக உள்ளே கிடக்கக் காரணம், எடுக்கலாமா என்று தினமும் கேட்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போனதுதான்.

கணக்கு செய்த வேலை

எண்ணிக்கையின் வலிமைக்குப் பழைய சான்று வியன்னாவில் இருக்கிறது. அந்நகரின் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவர்களும் மாணவர்களும் பணியாற்றிய முதல் பிரிவில் 1846-ஆம் ஆண்டு 100 தாய்மார்களில் 11 பேருக்கு மேல் இறந்தார்கள்; மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாம் பிரிவில் இறந்தவர்கள் 100-க்கு 3-க்கும் குறைவு. முதல் பிரிவில் இருந்தவர்கள் பிணப் பரிசோதனைக் கூடத்திலிருந்து நேராகப் பிரசவம் பார்க்க வந்தார்கள் என்பதை மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டுகொண்டு, 1847 மே மாதம் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். 1848-ல் இரண்டு பிரிவுகளிலும் இறப்பு 1.3 சதவீத அளவுக்கு வந்து சமமாகிவிட்டது. கிருமிகள்தான் நோய்க்குக் காரணம் என்ற கொள்கை நிலைபெற இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. அவருக்கு நுண்ணோக்கி உதவவில்லை. இரண்டு பிரிவுகளின் பதிவேடுகளும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்ததுதான் உதவியது. பதிவேடு இல்லாத ஊரில் அதே தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலால் இறந்திருப்பார்கள். ஒரு பிரிவில் மட்டும் ஏன் இத்தனை மரணம் என்ற கேள்வியே பிறந்திருக்காது.

கடந்த ஐம்பது ஆண்டுகளின் சான்றுகள் இன்னும் உறுதியானவை. 1970-களில் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, தொற்றை எண்ணிக் கண்காணித்து, அந்த எண்களை அறுவை மருத்துவர்களிடமே திருப்பிச் சொல்லி, 250 படுக்கைகளுக்கு ஒரு தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரையாவது வைத்திருந்த மருத்துவமனைகளில் தொற்று 32 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து, கழுத்து, மார்பு வழியாகப் பெரிய ரத்தக் குழாயில் செலுத்தும் குழாய்களுக்கு ஐந்தே நிபந்தனைகளைக் கடைப்பிடித்தன: கை கழுவு, முழு உடலையும் மூடும் விரிப்பைப் பயன்படுத்து, குளோர்ஹெக்ஸிடினால் தோலைத் துடை, தொடை வழியைத் தவிர், தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடு. குழாய் இருந்த ஒவ்வோர் 1,000 நாளுக்கும் சராசரியாக 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று, 18 மாதங்களுக்குள் 1.4 ஆகக் குறைந்தது. 2006-ல் வெளியான இந்த ஆய்வில் புதிய மருந்து எதுவும் இல்லை, புதிய கருவியும் இல்லை. தெரிந்த ஐந்து காரியங்களைச் செய்தோமா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்த்ததும், மாதாமாதம் எண்ணியதும்தான் வேறுபாடு.

ஒரு நாடே எண்ணத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்து உதாரணம். மெத்திசிலின் என்னும் மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் கலந்த நோயாளிகளின் எண்ணிக்கையைத் தெரிவிப்பது அங்கே 2001-ல் கட்டாயமாக்கப்பட்டது. மருத்துவமனை வாரியாகக் கணக்கு வெளிவந்ததும் பத்திரிகைகள் கொதித்தன. மக்கள் கேள்வி கேட்டார்கள். 2008-க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று அரசு 2004-ல் இலக்கு வைத்தது. 2003-04-ல் 7,700 அளவில் இருந்த எண்ணிக்கை 2008-09-ல் 3,000-க்கும் கீழே போனது. அதற்கு முன்பும் அந்தக் கிருமி அங்கே இருந்தது, கை கழுவச் சொல்லும் அறிவுரையும் இருந்தது. மருத்துவமனை நிர்வாகி பதில் சொல்லியே ஆக வேண்டிய ஓர் எண்தான் அதுவரை இருக்கவில்லை.

சோம்பலா, அமைப்பா?

எண்ணுவது என்றதும் யாரைத் தண்டிக்க என்ற கேள்வி உடனே எழும். செவிலியர்களும் மருத்துவர்களும் கை கழுவாததற்குச் சோம்பல்தான் காரணம் என்று நினைப்பவர்கள் பலர். 1997-ல் வெளியான ஒரு கணக்கு இந்த எண்ணத்தை உடைக்கிறது. 12 பேர் பணியாற்றும் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லோரும் விதிப்படி ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவினால், ஒரு பகல் ஷிப்டில் மொத்தம் 16 மணி நேர உழைப்பு கழுவுவதற்கே போய்விடும். கட்டிலருகே ஆல்கஹால் திரவம் இருந்தால் அதே வேலைக்கு 3 மணி நேரம் போதும். குழாயடி வார்டின் கோடியில் இருக்கும்போது ஐந்து நோயாளிகளைப் பார்க்கும் செவிலியரே திணறுவார். நாற்பது பேரைப் பார்ப்பவரிடம் ஒவ்வொருவருக்கும் முன்பும் பின்பும் போய்க் கழுவிவிட்டு வா என்பது நடக்காத காரியம். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகள் இதைப் புரிந்துகொண்டு, திரவப் புட்டியைக் கட்டிலருகே கொண்டுவந்தன. யார் எப்போது கை சுத்தம் செய்கிறார்கள் என்று கவனித்து, அந்த முடிவை வார்டுக்கே தெரிவித்தன. 48 சதவீதமாக இருந்த கைச் சுத்தம் மூன்றே ஆண்டுகளில் 66 சதவீதமானது. அங்கே தொற்று கண்டவர்களின் பங்கு 16.9 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதத்துக்கு இறங்கியது.

எண்ணும்போது கடைசி வரிசையில் இருப்பவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். தரையைத் துடைப்பவரும் கழிவுப் பையைக் கட்டுபவரும் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பையிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் ஊசி அவர்கள் விரலில் குத்தினால், அந்த ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருந்து, அவர் தடுப்பூசி போடாதவராகவும் இருந்தால், நோய் தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம். ஹெச்.ஐ.வி.க்கு அது 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் பி நோயைப் பெருமளவு தடுக்கும் தடுப்பூசி அவர்களில் எத்தனை பேருக்குப் போடப்பட்டிருக்கிறது என்பதும் மருத்துவமனைத் தொற்றுக் கணக்கில் ஒரு வரிதான். 2018-ல் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது மருத்துவமனைக்குள்ளேயே வந்தது. நோயாளியைக் கவனித்த செவிலியர் லினியும் உயிரிழந்தார். வேலை செய்பவரைக் காக்கத் தவறும் மருத்துவமனை நோயாளியையும் காக்க முடியாது.

நான்கு ஆட்சேபங்கள்

இதெல்லாம் பணக்கார நாடுகளுக்குச் சரி, கூட்டம் அலைமோதும் நம் ஆஸ்பத்திரிகளில் நடக்குமா என்பது முதல் ஆட்சேபம். கூட்டம் உண்மை, செவிலியர் பற்றாக்குறையும் உண்மை. ஆனால், முழுத் தடை அதுவல்ல என்பதற்கு மாலி நாட்டின் பமாக்கோ நகர மருத்துவமனை ஒரு சான்று. உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறைப்படி கைத் திரவத்தை உள்ளூரிலேயே தயாரித்து, 8 சதவீதமாக இருந்த கைச் சுத்தத்தை அவர்கள் 21.8 சதவீதமாக்கினார்கள். இன்னும் நெருங்கிய சான்று மதுரையில் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையில் நடக்கும் கண்புரை அறுவைகளின் எண்ணிக்கை உலகில் வேறு எங்கும் காண்பது அரிது. கண் முகாமில் தேர்ந்தெடுக்கும் நோயாளிகளை அங்கேயே அறுவை செய்யாமல், முழு வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்து வந்து செய்வது அவர்கள் முறை. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை அவர்கள் எண்ணி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், கண்ணுக்குள் ஏற்படும் கடும் தொற்று 10,000-க்கு 7 ஆக இருந்தது; அறுவையின் முடிவில் மாக்ஸிஃப்ளாக்சசின் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்திய பின் அது 2 ஆகக் குறைந்தது. அந்த மருந்து பலன் தருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததே, ஒவ்வொரு கண்ணையும் எண்ணி வைத்திருந்ததால்தான். இதே தமிழ்நாட்டில்தான் 2008-ல் ஓர் இலவசக் கண் முகாம் வழியாக அறுவை செய்துகொண்டவர்களில் 66 பேர் பார்வை இழந்தார்கள். இரண்டு இடத்துக்கும் வந்தவர்கள் ஏழைகள். கூட்டமும் இரண்டிலும் உண்டு. வேறுபாட்டை வறுமையின் மேல் போட முடியாது.

தொற்று வந்தால் ஆன்டிபயாடிக் இருக்கிறதே என்பது இரண்டாவது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் மருந்துச் சீட்டுகள் சொல்கின்றன. சுத்தமான அறுவைக்குக் கத்தி வைப்பதற்கு முன் ஒரு வேளை மருந்து போதும் என்ற இடத்தில், பயத்தில் ஐந்து நாள், ஏழு நாள் என்று நீட்டிப்பது சாதாரணமாகிவிட்டது. தொற்றுக் கட்டுப்பாட்டில் உள்ள ஓட்டையை மருந்தால் அடைக்கும் முயற்சி இது. டெல்லி எய்ம்ஸ் முன்னின்று நடத்தும் கண்காணிப்பில், 26 மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளின் ரத்தத்தில் க்ளெப்சியெல்லாவும் அசினெட்டோபாக்டரும் முன்வரிசையில் நின்றன. அவற்றில் பெரும்பாலானவை கார்பபெனம் என்னும் கடைசி வரிசை மருந்துகளுக்கே அடங்கவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமியை எதிர்த்து 2012-ல் சென்னைப் பிரகடனம் என்ற பெயரிலேயே மருத்துவர்கள் குரல் எழுப்பிய மாநிலம் இது. புது மருந்து வரும் வேகத்தைவிடக் கிருமி பழகும் வேகம் அதிகம். ஆகவே தொற்றே வராமல் பார்த்துக்கொள்வதுதான் இருக்கும் மருந்துகளுக்கு ஆயுள் தரும்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. நேர்மையாக எண்ணும் மருத்துவமனையில்தான் எண்ணிக்கை கூடுதலாகத் தெரியும். எண்ணாதது சுத்தமானது போல் தோன்றும். நோயாளிகள் நல்ல இடத்தை விட்டு ஓடுவார்கள், வழக்குகள் வரும், நாளடைவில் எல்லோரும் மறைக்கப் பழகுவார்கள். இந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. செம்மல்வைஸின் கதையிலேயே அதற்குச் சான்று உண்டு: அவருடைய எண்கள் சரி, ஆனால் சக மருத்துவர்கள் அவற்றைத் தங்கள் மீதான கொலைக் குற்றச்சாட்டாகவே கேட்டார்கள். அவர் சொன்னது ஏற்கப்படாமலே 1865-ல் ஒரு மனநலக் காப்பகத்தில் அவர் இறந்தார். எண்ணைத் தடியாக ஓங்கினால் பதிவேடு மூடிக்கொள்ளும். அதைத் தவிர்க்கும் வழி தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே தெரியும். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து இங்கே மகப்பேற்று மரணம் ஒவ்வொன்றும் தணிக்கை செய்யப்படுகிறது. வீட்டில் நடந்தாலும் தனியார் மருத்துவமனையில் நடந்தாலும், எங்கே தாமதம் ஆனது, ரத்தம் இருந்ததா, வண்டி வந்ததா என்று விசாரிக்கிறார்கள். எந்த இடத்தில் அமைப்பு தவறியது என்பதே கேள்வி. 2001-03-ல் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு 2018-20-ல் 54 ஆகக் குறைந்தது. தணிக்கை மட்டுமே அதைச் சாதிக்கவில்லை; 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களும் ரத்த வங்கிகளும் ஆம்புலன்ஸும் சேர்ந்து சாதித்தன. ஆனால், அவை எங்கே தேவை என்று காட்டியதில் தணிக்கைக்குப் பங்கு உண்டு. தணிக்கையில் மருத்துவர் சொல்வது வழக்கில் சான்றாகாது என்ற பாதுகாப்பை அரசு சட்டமாகவே தரலாம். வாணியம்பாடியில் நடந்தது போன்ற அப்பட்டமான அலட்சியத்துக்குச் சட்டம் தனியே இருக்கட்டும்.

ஆய்வக வசதி இல்லாத தாலுகா மருத்துவமனைகள் எப்படி எண்ணும் என்பது நான்காவது. எல்லாவற்றையும் எண்ண ஆய்வகம் தேவையில்லை. அறுவைக் காயத்தில் சீழ் வைத்ததா, தையல் பிரிந்ததா என்பது கண்ணால் பார்த்து எழுதக்கூடியது. கைத் திரவம் எத்தனை லிட்டர் செலவானது என்று ஸ்டோர் பதிவேடே சொல்லும். 1,000 நோயாளி-நாட்களுக்குக் குறைந்தது 20 லிட்டர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 2 லிட்டர்தான் செலவாகியிருக்கிறது என்றால், அந்த வார்டில் என்ன நடக்கவில்லை என்பதை அறிய நுண்ணோக்கி வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது

தொடங்க வேண்டிய இடம் சிசேரியன். 2019-21-ஆம் ஆண்டு தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவைப் பிரசவங்கள். தனியார் மருத்துவமனைகளில் அது 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. மாநிலத்தில் அதிகம் நடக்கும் அறுவைகளில் ஒன்று இது. செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமான இளம் பெண்கள். காயத்தில் தொற்று வந்தால் நோயாளியின் பலவீனத்தைக் காரணம் காட்டித் தப்ப முடியாது. சிக்கல் என்னவென்றால், சீழ் வைப்பதும் தையல் பிரிவதும் பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகுதான் வெளிப்படும். பெண் பிறந்த வீட்டில் இருப்பார். அறுவை செய்த மருத்துவமனைக்குப் போகாமல் பக்கத்துத் தெரு டாக்டரிடம் காட்டி மருந்து வாங்குவார். அறுவை செய்தவருக்குத் தன் கத்தியின் விளைவு தெரியவே தெரியாது. வேறு மாநிலங்களுக்கு இது பெரிய தடை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் பிக்மி என்னும் அரசுப் பதிவு எண் இருக்கிறது; தனியாரிடம் பார்த்தாலும் அந்த எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. பிரசவத்துக்குப் பின் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் பார்க்கிறார். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்ந்தால் போதும்: 30 நாட்களுக்குள் காயத்தில் சீழோ, தையல் பிரிதலோ இருந்ததா? மருத்துவமனை தானே அறிவிக்கும் எண்ணில் மறைக்க இடம் உண்டு. வீட்டிலிருந்து வரும் எண்ணில் அந்த இடம் சுருங்கும். திட்டமிட்ட சிசேரியனையும், நீண்ட வலிக்குப் பின் அவசரமாகச் செய்ததையும் தனித்தனியே எண்ணினால் கடினமான பிரசவங்களை ஏற்கும் அரசு மருத்துவமனைகளுக்கு அநீதி நேராது. அந்தச் செவிலியரின் பணிச்சுமை ஏற்கெனவே அதிகம் என்பதால், இதற்காக வேறு ஏதேனும் ஒரு படிவத்தைக் குறைத்துத் தருவது அரசின் கடமை.

அடுத்த படி தீவிர சிகிச்சைப் பிரிவுகள். தினமும் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு ரத்தக் குழாய், எத்தனை பேருக்குச் சிறுநீர்க் குழாய், எத்தனை பேருக்கு வென்டிலேட்டர் என்று எழுதச் சில நிமிடங்கள் போதும். அந்தக் கூட்டுத்தொகை இல்லாமல் தொற்றின் எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை. பெரிய பிரிவில் ஐந்து தொற்று நல்ல செய்தியாகவும், சிறிய பிரிவில் இரண்டு தொற்று அபாயமாகவும் இருக்கலாம். இதைச் செய்ய, வேறு வேலையோடு சேர்த்துச் சுமத்தப்படாத தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் ஒவ்வொரு பெரிய மருத்துவமனைக்கும் வேண்டும். எங்கே செவிலியர் இடங்கள் காலியோ அங்கே தொற்று ஏறுகிறதா என்பதையும் அதே கணக்கு காட்டும். ஆள் கேட்டுப் போராடும் செவிலியர்களின் கையில் அதைவிட வலுவான ஆதாரம் வேறு இருக்காது. முதல் இரண்டு ஆண்டுகள் எண்கள் மருத்துவமனைக்கும் துறைக்கும் மட்டும் போகட்டும், அளவுகோல்கள் பழகட்டும். அதன் பிறகு, காப்பீட்டுத் திட்டத்தில் அரசுப் பணம் பெறும் ஒவ்வொரு மருத்துவமனையும், அரசு மருத்துவமனையோ தனியாரோ, தன் எண்ணை ஆண்டுக்கு ஒரு முறை பொதுவில் வைக்க வேண்டும் என்பதே நியாயம்.

இன்று நாம் ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது மருத்துவரின் பெயரைக் கேட்கிறோம், செலவைக் கேட்கிறோம், ஏசி அறை உண்டா என்று கேட்கிறோம். இங்கே அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்குக் காயத்தில் தொற்று வந்தது என்று கேட்பதில்லை. கேட்டாலும் பதில் இல்லை. தாய்மார்களின் மரணத்தை எண்ணத் துணிந்த மாநிலத்துக்கு, அவர்களின் ஆறாத காயத்தை எண்ணுவது இயலாத காரியம் இல்லை. அதற்குத் தேவையான பதிவு எண் இருக்கிறது, வீடு தேடி வரும் செவிலியர் இருக்கிறார், தணிக்கை செய்து பழகிய துறை இருக்கிறது. இனி வேண்டியது ஓர் அரசாணையும், அதை நிறைவேற்ற ஆளும், வரும் எண்ணைக் கண்டு அஞ்சாத மனமும்தான்.